வயல் வாங்கப் போகிறீர்களா?

பிசான அறுவடை முடிந்து நெல் விற்ற பணம் கையில் இருக்கும்போது, பக்கத்து வயல் விலைக்கு வருகிறது என்று கேள்விப்பட்டால் எந்த விவசாயிக்கும் ஆசை வருவது இயல்பே. மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த பணம், வெளியூரில் வேலை பார்க்கும் மகன் அனுப்பிய பணம், வீட்டிலுள்ள நகை எல்லாம் சேர்ந்துதான் ஒரு ஏக்கர் நன்செய் ஆகிறது. இந்தப் பணம் ஒருமுறை தவறான நிலத்தில் விழுந்துவிட்டால் மறுபடி சேர்ப்பதற்குள் ஒரு தலைமுறை போய்விடும். ஆகவே தாமிரபரணிப் பாசனத்தில் நிலம் வாங்கும் சிறு விவசாயிகள் கீழ்க்கண்ட விஷயங்களைக் கவனிப்பது நலம்.

முதலில் தண்ணீர்

தாமிரபரணியில் கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை 8 அணைக்கட்டுகளும், அவற்றிலிருந்து பிரியும் 11 கால்வாய்களும் உள்ளன. நிலம் எந்தக் கால்வாயைச் சேர்ந்தது, நேரடிப் பாசனமா குளத்துப் பாசனமா, தலைமடையா கடைமடையா என்று தெரிந்த பிறகே விலை பேச வேண்டும். பாபநாசம், மணிமுத்தாறு அணைகளில் நீர் குறைந்த ஆண்டுகளில் கார் சாகுபடிக்கு எல்லாக் கால்வாய்களுக்கும் தண்ணீர் கிடைப்பதில்லை. ‘இருபோகம்’ என்று சொல்லி விற்கப்படும் வயல், கடந்த ஐந்து ஆண்டுகளில் எத்தனை கார் விளைந்தது என்பதை அடங்கலிலும், அடுத்த வயல்காரரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

மழைக்காலத்தில் ஒருமுறையும், கோடையில் ஒருமுறையும் நிலத்தைப் போய்ப் பார்ப்பது சாலச் சிறந்தது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஆற்றிலும் வெள்ளம் பெருக்கெடுத்தது. அந்த வெள்ளத்தில் எவ்வளவு தண்ணீர் நின்றது, எத்தனை நாளில் வடிந்தது, மணல் மூடியதா என்று விசாரியுங்கள். பாய்ச்சும் வாய்க்காலைப் போலவே வடிகாலும் முக்கியம். உழவு மாடும் டிராக்டரும் போக வண்டிப்பாதை உண்டா, அது யார் நிலத்தின் வழியாகச் செல்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். பாதை உரிமை பத்திரத்தில் எழுதப்பட்டிருந்தால்தான் பின்னாளில் தகராறு வராது.

அளவில் ஏமாறாதீர்கள்

நெல்லைச் சீமையில் இன்றும் ‘மரக்கால் விதைப்பாடு’, ‘கோட்டை விதைப்பாடு’ என்று பேசுகிறார்கள். இந்தக் கணக்கு ஊருக்கு ஊர் மாறக்கூடியது. பட்டாவில் இருப்பதோ ஹெக்டேர், ஏர் கணக்கு. ஒரு ஹெக்டேர் 2 ஏக்கர் 47 சென்ட். ஒரு ஏர் ஏறத்தாழ இரண்டரை சென்ட். ஒரு ஏக்கர் என்றால் பட்டாவில் 40.5 ஏர் இருக்க வேண்டும். புலப்பட நகல் வாங்கி, அளவரைக் கொண்டு அளந்து, கல் இருக்கும் இடத்தைக் காட்டச் சொல்லி, அதன் பிறகு சென்டுக்கு இவ்வளவு என்று விலை முடிப்பதே முறை.

பட்டா மட்டும் போதாது

பட்டா இருந்தால் நிலம் விற்பவருடையதுதான் என்று பலர் நம்புகிறார்கள். பட்டா என்பது வருவாய்த்துறைப் பதிவு. அது மட்டுமே உரிமைக்கு முழு ஆதாரம் ஆகாது. 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தின்போது பெயர் மாறிப் பதிவான நிலங்களுக்கு இன்றும் வழக்கு நடக்கிறது. ஆகவே மூலப் பத்திரம், அதன் பின் வந்த பத்திரங்கள், பட்டா, ‘அ’ பதிவேட்டு நகல், அடங்கல், தீர்வை ரசீது ஆகியவற்றைச் சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும். சர்வே எண்ணும் பரப்பும் எல்லாவற்றிலும் ஒத்திருக்க வேண்டும்.

வில்லங்கச் சான்று குறைந்தது 30 ஆண்டுகளுக்குப் பார்க்க வேண்டும். இதைப் பதிவுத்துறையின் இணையதளத்திலும், பட்டா விவரத்தை வருவாய்த்துறையின் இணையதளத்திலும் வீட்டிலிருந்தே பார்க்கலாம். ஆனால் பதிவு செய்யாத கடன் எல்லாம் வில்லங்கச் சான்றில் வராது. எனவே அசல் பத்திரத்தைக் கண்ணால் பார்ப்பதும், உள்ளூர்க் கூட்டுறவு கடன் சங்கத்திலும் வங்கியிலும் பாக்கி இல்லை என்று கடிதம் வாங்கச் சொல்வதும் அவசியம். ‘அசல் தொலைந்துவிட்டது’ என்று சொன்னால் அங்கேயே நின்று யோசிக்க வேண்டும்.

பூர்வீகச் சொத்தாயின் உடன்பிறந்த பெண்களின் கையெழுத்து இல்லாமல் வாங்காதீர்கள். தமிழகத்தில் 1989-ம் ஆண்டுச் சட்டமும், அதன் பின் 2005-ம் ஆண்டு மத்தியச் சட்டத் திருத்தமும் மகளுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் பங்கு கொடுத்தன. 2005-ல் தந்தை உயிரோடு இல்லாவிட்டாலும் மகளுக்குப் பங்கு உண்டு என்று 2020-ல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. ‘தங்கச்சி கேட்க மாட்டாள்’ என்று அண்ணன் சொல்லும் வார்த்தைக்கு நீதிமன்றத்தில் மதிப்பில்லை. மைனர் பங்கு இருந்தால் வழக்கறிஞரின் யோசனை இல்லாமல் ஓர் அடியும் வைக்க வேண்டாம்.

தொடக்கூடாத நிலங்கள்

இந்தப் பள்ளத்தாக்கில் கோயில், மடம், கட்டளைக்குச் சொந்தமான நன்செய்கள் ஏராளம். 1959-ம் ஆண்டு அறநிலையச் சட்டப்படி ஆணையரின் அனுமதியின்றிச் செய்யும் கோயில் நில விற்பனை செல்லாது. எத்தனை கை மாறியிருந்தாலும் பழுது தீராது. ‘அ’ பதிவேட்டில் இனாம், தேவதாயம் என்று கண்டால் தீர விசாரியுங்கள். ஆதிதிராவிட மக்களுக்கு ஆங்கிலேயர் காலத்தில் நிபந்தனையுடன் வழங்கப்பட்ட பஞ்சமி நிலங்களையும், அரசு ஒப்படை செய்த நிபந்தனை நிலங்களையும், நீர்நிலைப் புறம்போக்கையும் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்குவது பணத்தை ஆற்றில் போடுவதாகும். வயலைத் துண்டு போட்டு ‘மனை’ என்று விற்பவரிடம் முறையான அங்கீகார எண் இல்லையென்றால் அதுவும் வேண்டாம்.

வயலில் உழுகிறவர் யார் என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. 1955-ம் ஆண்டுச் சட்டம் சாகுபடிக் குத்தகைதாரருக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. நிலம் கை மாறியது என்ற காரணத்துக்காக மட்டும் அவரை வெளியேற்ற முடியாது. குத்தகைப் பதிவேட்டில் பெயர் உள்ளதா என்று தாலுகா அலுவலகத்தில் பாருங்கள். குத்தகைதாரரை நேரில் சந்தித்துப் பேசாமல் முன்பணம் கொடுக்கக் கூடாது.

கிரயச் செலவும் வரவும்

தமிழகத்தில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 5 லட்சம் ரூபாய் மதிப்புள்ள நிலத்துக்கு இதற்கே 45,000 ரூபாய் வேண்டும். 10 லட்சம் வரையுள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் வாங்கினால் 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் சலுகை உண்டு. முன்பண ஒப்பந்தத்தையும் 2012 டிசம்பர் முதல் பதிவு செய்தாக வேண்டும். வெறும் முத்திரைத் தாளில் எழுதி வைத்து நிம்மதியாக இருக்க முடியாது. பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள். உண்மை விலையைக் குறைத்து எழுதினால், வழக்கு வரும்போது கொடுத்த பணம் முழுவதையும் கேட்க ஆதாரம் இருக்காது.

கடன் வாங்கி நிலம் வாங்குவோர் ஒரு கணக்குப் போட வேண்டும். 5 லட்சம் கடனுக்கு 12 சதவீத வட்டி என்றால் ஆண்டுக்கு வட்டியே 60,000 ரூபாய். அந்த வயலில் எல்லாச் செலவும் போக ஆண்டுக்கு 30,000 ரூபாய்தான் மிஞ்சும் என்றால், மீதி 30,000 ரூபாயை வேறு வருமானத்திலிருந்து கட்ட வேண்டும். அசல் அப்படியே நிற்கும். கார் பொய்த்த ஓர் ஆண்டு வந்தால் அந்த வயலையே விற்க நேரிடும். இப்படிப்பட்டவர்கள் அரை ஏக்கரோடு நிறுத்திக்கொள்வது புத்திசாலித்தனம்.

இன்சூரன்ஸ்

வீட்டுக்கும் மோட்டாருக்கும் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களில் இன்சூரன்ஸ் உண்டு. விளையும் பயிருக்குப் பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் உண்டு. கார் நெல்லுக்குக் காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதமும், பிசான நெல்லுக்கு ஒன்றரை சதவீதமும், வாழைக்கு 5 சதவீதமும் விவசாயியின் பங்கு. குத்தகைதாரரும் சேரலாம். அடங்கல், வங்கிக் கணக்குப் புத்தகம், ஆதார் இவற்றுடன் கூட்டுறவு கடன் சங்கத்திலோ பொது சேவை மையத்திலோ கடைசித் தேதிக்கு முன் பதிய வேண்டும். இழப்பீடு பெரும்பாலும் கிராமத்தின் சராசரி மகசூலைக் கொண்டே கணக்கிடப்படுவதால், ஒருவர் வயல் மட்டும் பாழானால் பணம் வரும் என்று எதிர்பார்க்க இயலாது. நிலத்தின் உரிமை பறிபோனால் ஈடுகட்டக் கிராமத்து விவசாயிக்குக் கைக்கெட்டும் காப்பீடு ஏதுமில்லை. முன்கூட்டிச் செய்யும் விசாரணையே அதற்கு இன்சூரன்ஸ்.

வாங்கிய பிறகு

பதிவு முடிந்ததும் பட்டா மாறியதா என்று பாருங்கள். ஒரு சர்வே எண்ணில் பகுதி நிலம் வாங்கியிருந்தால் உட்பிரிவு செய்து தனிப் பட்டா பெற வேண்டும். கூட்டுப் பட்டாவில் விட்டு வைத்தால் பிள்ளைகள் காலத்தில் சண்டை வரும். ஜூலையில் பசலி ஆண்டு பிறந்ததும் தீர்வை கட்டி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். சாகுபடியை அடங்கலில் எழுதச் சொல்லுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை வரப்போரம் நடந்து எல்லைக் கற்களைப் பார்த்து வாருங்கள்.

விசாரிக்க இரண்டு மாதம் ஆகலாம். வழக்கறிஞருக்குச் சில ஆயிரம் செலவாகலாம். அதற்குள் வேறொருவர் வாங்கிவிட்டால் வருத்தப்பட வேண்டியதில்லை. வேறு வயல் விலைக்கு வரும். இழந்த பணம்தான் திரும்பி வராது.