காரம் சாப்பிட்டால் வயிற்றுப் புற்றுநோய் வருமா?

மிளகாய்க் காரம்தான் வயிற்றுப் புற்றுநோய்க்குக் காரணம் என்று உறுதியாகவில்லை. முக்கியக் காரணி, இரைப்பையில் தங்கும் எச்.பைலோரி என்ற பாக்டீரியா. அதிக உப்பும் புகைப்பழக்கமும் அபாயத்தைக் கூட்டும்.

● ஊறுகாய், கருவாடு, மோர்மிளகாய், அப்பளம் ஆகியவற்றில் காரத்தைவிட உப்பைக் கவனியுங்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு, ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவு. அதாவது ஒரு டீஸ்பூனுக்குள். ஊறுகாயை இலையோரத்தில் தொட்டுக்கொள்ளும் அளவோடு நிறுத்துங்கள்.

● கருவாட்டை வெந்நீரில் ஊறவைத்து, இரண்டு மூன்று முறை அலசிச் சமையுங்கள். குழம்புக்கு உப்பைக் கடைசியில், ருசி பார்த்துச் சேருங்கள்.

● காரம் ஏறினால் தண்ணீரைவிட மோர், தயிர் நன்றாகத் தணிக்கும். மிளகாய்க்குக் காரம் தரும் கேப்சைசின் தண்ணீரில் எளிதில் கரையாது.

● காரம் சாப்பிட்டதும் நெஞ்செரிச்சல், வயிற்றெரிச்சல் வருபவர்கள் மிளகாயைக் குறைத்து, இஞ்சி, சீரகம், மல்லியால் மணம் கூட்டலாம்.

● பூஞ்சை பிடித்த மிளகாய் வற்றலைக் கழுவியும் பயன்படுத்தாதீர்கள். அதில் இருக்கக்கூடிய அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நச்சு கல்லீரல் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது.

● எச்.பைலோரி இருப்பது தெரிந்தால், மருத்துவர் தரும் ஆன்டிபயாட்டிக் மாத்திரைகளைப் பாதியில் விடாதீர்கள்.

● காரணமின்றி எடை குறைவது, கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு நிறைவது, தொடர் வாந்தி, கறுப்பு நிற மலம்: இவற்றில் ஒன்று இருந்தாலும் ஜெலுசில் குடித்து நாள் கடத்தாமல் மருத்துவரைப் பாருங்கள். தேவைப்பட்டால் எண்டோஸ்கோபி செய்யச் சொல்வார்.