கம்போடியாவுக்குப் போகும் மகளுக்கு

கர்த்தருக்குள் பிரியமான மகளுக்கு,

பெரியப்பா எழுதுவது. டிசம்பர் விடுமுறையில் சிங்கப்பூர் சபையோடு பத்து நாள் மிஷன் ஊழியத்துக்குக் கம்போடியா போகிறாய் என்று உன் அப்பா போனில் சொன்னான். இங்கே எல்லாருக்கும் சந்தோஷம். சந்தோஷத்தோடு போ. ஆனால் இதுபோன்ற குறுகிய பயணங்களால் நன்மையும் நடந்திருக்கிறது, பெரிய கேடும் விளைந்திருக்கிறது. இரண்டையும் அறிந்துகொண்டு போவது நல்லது.

முதலில் நம் பக்கத்து மனிதர் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். வேதநாயகம் சாமுவேல் அசரியா 1874-இல் வெள்ளாளன்விளையில் ஒரு குருவானவரின் மகனாகப் பிறந்தவர். ஒய்.எம்.சி.ஏ. ஊழியராக இருந்த காலத்தில், 1902-இல், யாழ்ப்பாணம் போனார். அங்கே தமிழ்க் கிறிஸ்தவர்கள் வெள்ளைக்காரர் கையை எதிர்பாராமல், தங்கள் காணிக்கையைக் கொண்டே வெளியிடங்களுக்கு ஊழியர்களை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சபையைவிடப் பல மடங்கு பெரிய திருநெல்வேலி சபை அப்படி ஒன்றையும் செய்யவில்லையே என்பது அவர் மனதைக் குத்தியது. ஊர் திரும்பியவர் சும்மா இருக்கவில்லை. 1903 பிப்ரவரியில் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. தமிழ்நாட்டுச் சபையின் பணத்தில் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கலுக்கு ஊழியர்கள் போனார்கள். 1909-இல் அசரியாவே அங்கே குடிபோய்த் தெலுங்கு படித்தார். 1912-இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார்.

யாழ்ப்பாணத்தில் அவர் ஒரு சுவருக்கும் வண்ணம் பூசவில்லை, ஒரு பொட்டலமும் கொடுக்கவில்லை. பார்த்தார், கேட்டார், திரும்பி வந்து சொந்த ஊரில் வேலை செய்தார். குறுகிய பயணத்தின் பலன் என்று பேசும்போதெல்லாம் எனக்கு இதுதான் நினைவுக்கு வரும்.

அதே அசரியா 1910-இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டில் பேசினார். சுமார் 1,200 பேராளர்கள் கூடியிருந்த அந்த அவையில் ஆசியச் சபைகளிலிருந்து வந்தவர்கள் இருபது பேர்கூட இல்லை. மிஷனெரிகள் ஏழைகளுக்கு உடைமைகளைத் தந்ததையும் உயிரையே கொடுத்ததையும் அவர் நன்றியோடு சொன்னார். அதற்குப் பிறகு, எங்களுக்கு அன்பும் வேண்டும், எங்களை நண்பர்களாக நடத்துங்கள் என்று முகத்துக்கு நேரே கேட்டார். அவையில் பலருக்கு அது பிடிக்கவில்லை. அன்று அவர் கேட்டதை இன்று ஒரு கம்போடிய போதகர் உங்கள் குழுவிடம் கேட்கலாம். ஒரு காலத்தில் வாங்கும் இடத்தில் இருந்தவர்கள் நாம். இப்போது கொடுக்கும் கையாகப் போகிறோம் என்பதால் அதை மறந்துவிடக் கூடாது.

ஹோண்டுராஸ் கதையும் உனக்குத் தெரிய வேண்டும். 1998 அக்டோபர் இறுதியில் மிட்ச் என்ற சூறாவளி அந்த நாட்டைச் சிதைத்தது. வட அமெரிக்கச் சபைகளிலிருந்து குழு குழுவாக வந்து வீடு கட்டிக் கொடுத்தார்கள். அப்போது கால்வின் கல்லூரியின் சமூகவியலாளராக இருந்த கர்ட் வெர் பீக் அந்த நாட்டிலேயே வாழ்ந்தவர். பிற்பாடு இதை ஆராய்ந்தார். விமானச் செலவு உட்பட எல்லாவற்றையும் சேர்த்தால், வெளிநாட்டுக் குழு கட்டிய ஒரு வீட்டுக்கு ஏறத்தாழ 30,000 டாலர் ஆகியிருந்தது. உள்ளூர்க் கிறிஸ்தவ அமைப்பு கட்டிய வீட்டுக்கு ஆனதோ சுமார் 2,000 டாலர். குடியேறிய குடும்பங்களின் வாழ்க்கையில், வீட்டை யார் கட்டினார்கள் என்பதால் பெரிய வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. போய் வந்தவர்கள் தங்கள் வாழ்க்கையே மாறிவிட்டது, இப்போது அதிகமாகக் காணிக்கை கொடுக்கிறோம் என்றார்கள். காணிக்கைக் கணக்கைப் பார்த்தபோது அந்த மாற்றம் பெரும்பாலும் அங்கே இல்லை.

இதைப் படித்துவிட்டு, டிக்கெட் பணத்தை அனுப்பிவிட்டு வீட்டிலேயே இருந்துவிடலாமே என்று நினைக்காதே. முகம் பார்த்துப் பழகுவதற்கு ஒரு மதிப்பு உண்டு. அசரியா கேட்டதே அதைத்தான். ஆனால் அந்த ஊர்க் கொத்தனார் செய்யும் வேலையை, கரண்டி பிடித்தே அறியாத கல்லூரிப் பிள்ளைகள் செய்ய வேண்டாம். அந்த ஆளுக்குக் கூலி கொடுங்கள். நீங்கள் சிமெண்டுச் சட்டி சுமந்து கொடுத்தால் போதும்.

உங்கள் திட்டத்தில் ஒரு நாள் அநாதை இல்லம் போவதாக இருக்கிறதாம். இதைப் பற்றி உன்னிடம் அழுத்தமாகச் சொல்ல வேண்டும்: தயவுசெய்து அதை மாற்றச் சொல். கம்போடியாவில் 2005-க்கும் 2010-க்கும் இடையில் அநாதை இல்லங்கள் 75 சதவீதம் பெருகின. அந்த ஐந்து ஆண்டுகளில் அநாதைகள் பெருகவில்லை. பெருகியது வெளிநாட்டிலிருந்து வந்த தன்னார்வலர்களும் அவர்கள் கொண்டுவந்த பணமும்தான். அரசும் யுனிசெஃபும் விசாரித்தபோது, அங்கே வளர்ந்த பிள்ளைகளில் நான்கில் மூன்று பேருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருந்தது தெரியவந்தது. படிப்பும் சோறும் கிடைக்கும் என்று நம்பி ஏழைத் தாய்மார் அனுப்பிவைத்த பிள்ளைகள் அவர்கள். வருகிற கூட்டம் பாடி, ஆடி, மடியில் தூக்கி வைத்துக் கொஞ்சிவிட்டுப் போய்விடும். அடுத்த வாரம் வேறொரு கூட்டம் வரும். பாசம் வைத்தவர்கள் எல்லாம் போய்க்கொண்டே இருப்பதைப் பார்த்து வளரும் பிள்ளை யாரை நம்பும்? 2015-இல் கம்போடிய அரசே, இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் 30 சதவீதம் பேரைக் குடும்பங்களோடு சேர்ப்பது என்று முடிவெடுத்தது. உங்கள் சபையார் கொடுக்க நினைக்கும் பணம் அந்தத் தாய் தகப்பனுக்குப் போய்ச் சேரும் வழியைத் தேடுங்கள்.

நல்ல மனது மட்டும் இருந்தால் போதாது என்பதற்கு ஹெய்ட்டி ஒரு சாட்சி. 2010 ஜனவரி நிலநடுக்கம் முடிந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. அமெரிக்க பாப்டிஸ்டுகள் பத்துப் பேர் 33 பிள்ளைகளை உரிய ஆவணம் இல்லாமல் பேருந்தில் ஏற்றி, எல்லை தாண்டி டொமினிக்கன் குடியரசுக்குக் கொண்டுபோக முயன்று கைதானார்கள். அந்தப் பிள்ளைகளில் பலருக்குப் பெற்றோர் உயிரோடு இருந்தார்கள்.

இனி, நீ போகும் நாட்டின் சபையைப் பற்றி. சுவிசேஷத்தை முதல்முதலாக அங்கே கொண்டுபோகிறவர்கள் நீங்கள் அல்ல. 1923-லேயே அங்கே புராட்டஸ்டன்ட் மிஷனெரிகள் ஊழியம் தொடங்கிவிட்டார்கள். 1954-இல் கெமர் மொழியில் முழு வேதாகமம் வெளிவந்தது. 1975 ஏப்ரல் 17 அன்று கெமர் ரூஜ் படை நோம் பென்னைப் பிடித்தது. அவர்கள் ஆட்சியில் நான்கு ஆண்டுகளுக்குள் நாட்டில் பதினைந்து லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். சபை ஏறக்குறைய அழிந்தே போனது. வெளிப்படையாக ஆராதிக்க மறுபடி அனுமதி கிடைத்தது 1990-இல்தான். நீ சந்திக்கப்போகும் நரைத்த தலை ஒவ்வொன்றும் அந்த நான்கு ஆண்டுகளைக் கடந்து வந்தது. அவர்களாகச் சொன்னால் உட்கார்ந்து கேள். கூட்டத்தில் சாட்சி சொல்லும்படி கிளறிக் கேட்காதே. விசுவாசம் என்றால் என்ன என்று அவர்களிடம் கற்றுக்கொள்ள நமக்கு நிறைய இருக்கிறது.

புத்த மதம் அங்கே அரச மதம். வீடு வீடாகப் போய்ப் பிரசங்கிப்பதை 2007-இல் அரசு தடை செய்திருக்கிறது. கைப்பிரதிகளை ஆலயத்துக்கு உள்ளேதான் கொடுக்கலாம். பணமோ பொருளோ காட்டி மதம் மாற்றுவதும் குற்றம். மீறிவிட்டு நீங்கள் விமானம் ஏறிவிடுவீர்கள். போலீஸ் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லப்போவது அந்த ஊர்ப் போதகர். அரிசி மூட்டை கொடுத்த கையோடு ஜெபத்துக்குக் கூப்பிடுவதும் வேண்டாம். வாங்கிய கை மறுக்கத் தெரியாமல் நிற்கும்.

சில்லறைக் காரியங்கள். கை கூப்பி வணங்கும் பழக்கம் அவர்களுக்கும் உண்டு, பெரியவர்களுக்குக் கையை இன்னும் சற்று உயர்த்த வேண்டும். குழந்தையாக இருந்தாலும் தலையைத் தொடாதே. பிக்குவைப் பெண்கள் தொடக் கூடாது. டிசம்பர் நெல் அறுவடைக் காலம், கூட்டத்துக்குப் பெரியவர்கள் வரவில்லை என்றால் வயலில் இருக்கிறார்கள் என்று புரிந்துகொள். அழுக்குச் சட்டையோடு நிற்கும் பிள்ளைகளைப் படமெடுத்து வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் போடாதே. நம் வீட்டுப் பிள்ளையை யாராவது அப்படிப் போட்டால் உன் அப்பா சும்மா இருப்பானா? அடுத்த வருஷம் வருவேன், படிக்க வைப்பேன் என்றெல்லாம் உணர்ச்சி வேகத்தில் வாக்குக் கொடுத்துவிடாதே.

நன்றாக நடக்கும் குறுகிய ஊழியத்துக்கு மெர்சி ஷிப்ஸ் ஓர் உதாரணம். 1978-இல் தொடங்கிய அந்த அமைப்பின் மருத்துவமனைக் கப்பல், ஓர் ஆப்பிரிக்க நாட்டின் அரசு அழைத்த பிறகே அதன் துறைமுகத்துக்குப் போய், மாதக்கணக்கில் அங்கேயே நிற்கும். அறுவை மருத்துவர் ஒருவர் இரண்டு வாரம் மட்டும் வந்துபோகலாம். அவர் போன பிறகும் அவருடைய நோயாளியைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கும். உள்ளூர் மருத்துவர்களுக்குப் பயிற்சியும் நடக்கும். சமையல்காரர் முதல் எலக்ட்ரீஷியன் வரை சொந்தச் செலவில் வந்து வேலை செய்கிறார்கள். நீண்ட காலம் நடக்கும் ஒரு வேலைக்குள் தங்கள் இரண்டு வாரத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள். உங்கள் பத்து நாளும் அப்படி யாருடைய வேலைக்குள் போய்ச் சேர்கிறது?

ஞாயிறு ஆயத்தக் கூட்டத்தில் உங்கள் போதகரிடம் மரியாதையோடு இதைக் கேள்: கம்போடியச் சபை நம்மை அழைத்ததா, நாம் வருகிறோம் என்று சொன்னோமா? பத்து நாள் திட்டத்தை யார் போட்டார்கள்? நாம் திரும்பிய பிறகு அங்கே தொடர்ந்து வேலை செய்யப்போவது யார், அவர்களுக்கு இந்த ஆண்டு நம் சபை எவ்வளவு அனுப்புகிறது? பதில் கிடைத்ததும் எனக்கு எழுது. டைஃபாய்டு, மஞ்சள் காமாலை தடுப்பூசிகளைப் புறப்படும் வாரம்வரை தள்ளிப்போடாமல் இந்த மாதமே டாக்டரிடம் கேட்டுப் போட்டுக்கொள். பெரியம்மா உனக்காகத் தினமும் ஜெபிக்கிறாள்.

இப்படிக்கு,
அன்புள்ள பெரியப்பா