எந்த ‘இல்லை’?

அன்பு மாப்பிள்ளைக்கு, மாமா எழுதுவது.

நீ குலதெய்வக் கோயிலுக்கு வரமாட்டேன் என்றதைச் சொல்லி அக்கா போனில் அரைமணி நேரம் அழுதாள். ‘உன்னைப் பார்த்துத்தான் பிள்ளை கெட்டான்’ என்று எனக்கும் விழுந்தது. விழட்டும், பழகியதுதான். நான் கேட்க நினைப்பது வேறு. ‘நான் நாத்திகன்’ என்றாயாமே, எதை இல்லை என்கிறாய்?

அந்தச் சொல்லுக்குப் பொருள் பலமுறை மாறியிருக்கிறது. மனுநூல் நாத்திகன் என்று வைதது வேதத்தை இகழ்ந்தவனை. அதனால் ஒரு வேடிக்கை நடந்தது. படைத்தவன் ஒருவன் தேவையில்லை என்ற பழைய சாங்கியரும் மீமாம்சகரும் வேதத்தை ஒப்புக்கொண்டதால் ஆத்திகர் பந்தியில் உட்கார்ந்துவிட்டார்கள். சமணருக்கும் பௌத்தருக்கும் இலை போடவில்லை. ரோமாபுரியிலோ, ஊர்த் தெய்வங்களுக்குப் பலியிட மறுத்த ஆதிக் கிறிஸ்தவர்களையே நாத்திகர் என்று ஏசினார்கள். ஊர் கும்பிடுவதைக் கும்பிடாதவனுக்கு ஊர் வைத்த பட்டப்பெயராகவே அது நெடுங்காலம் இருந்திருக்கிறது.

அதைத் தாமே விரும்பிச் சூடிக்கொண்டவர்கள் பிறகு வந்தார்கள். அவர்களும் ஒன்றையே சொல்லவில்லை. ‘கடவுள் கிடையாது’ என்று அடித்துச் சொல்வார் ஒருவர். ‘நம்புவதற்கு எனக்குக் காரணம் கிடைக்கவில்லை’ என்பதோடு நிறுத்திக்கொள்வார் இன்னொருவர். முன்னவர் தம் கூற்றை நிறுவ வேண்டும். பின்னவரிடம் அப்படிக் கேட்க முடியாது. நான் பின்னவர் கட்சி. ‘அறிய முடியாது’ என்பாருக்கென்று 1869-இல் ஹக்ஸ்லி தனிச்சொல்லே உண்டாக்கினார்.

‘குடி அரசு’ பிறந்த 1925-க்கு நாற்பது வருடம் முன்பே நம் சென்னையில் ‘தத்துவ விவேசினி’ என்ற இதழ் இந்த வழக்கைப் பேசிக்கொண்டிருந்தது. பெரியார் கையில் அந்த ‘இல்லை’ சாதியின் வேரைத் தோண்டும் கடப்பாரையானது. லாகூர்ச் சிறையில் 1930-இல் பகத்சிங் எழுதிய கட்டுரையை ஜீவா தமிழில் தந்தார். தூக்கு காத்திருக்கும்போதும் ஆறுதலுக்காக வேண்டிக்கொள்ள மாட்டேன் என்ற மனிதனின் ‘இல்லை’ அது. படித்துப் பார், சின்னக் கட்டுரைதான். உன்னுடையது இவற்றில் எது? பூசாரி மேல் கோபமா, சாதி மேலா, சாமி மேலேயேவா? கடைசியது என்றால் நீ இன்னும் நாத்திகன் ஆகவில்லை. இல்லாதவர் மேல் யார் கோபப்படுவார்கள்?

உன் தாத்தா இறந்தபோது எனக்கு இருபத்தாறு வயது. மொட்டை போட மாட்டேன் என்றேன். நாவிதர் கிண்ணத்துத் தண்ணீரோடு திண்ணையில் காத்திருந்தார். கடைசியில் சித்தப்பா மகன் கொள்ளிக்குடம் தூக்கினான். நான் பாடைக்குத் தோள் கொடுத்தேன். பதினாறாம் நாள்வரை அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. மொட்டை போடாததற்கு இன்றும் வருத்தமில்லை. பிணத்தை நடுவீட்டில் கிடத்திக்கொண்டு வந்தவர்களிடமெல்லாம் நான் செய்த பிரசங்கம் மட்டும் வேண்டாமாயிருந்தது.

அக்காவின் அழுகையில் சாமிக்குப் பங்கு கொஞ்சம்தான். பொங்கல் வைக்கும்போது விறகு தள்ளப் பிள்ளை பக்கத்தில் இருக்கமாட்டானே என்பதுதான் மிச்சம். கும்பிட மாட்டேன், கூட வருகிறேன் என்று சொல்லிப் பார்.

அம்மா திருநீற்றை நீட்டினால் என்ன செய்வது என்று போனமுறை கேட்டாய். என்னிடம் அக்கா நீட்டும்போது உள்ளங்கையில் வாங்கி, ஜன்னல் விளிம்பில் வைத்துவிடுவேன். அவளும் பார்ப்பாள். ‘காபி ஆறுது, குடி’ என்பாள்.

அன்புடன்,
மாமா