பிரம்பலகு கற்பித்த பாடம்

ஓட்டோஜைரோ ஹெலிகொப்டர் அன்று. ஹெலிகொப்டரின் மேலலகுகளை இயந்திரம் சுழற்றும். ஓட்டோஜைரோவிலோ இயந்திரம் உந்துவிசிறியை மட்டும் இயக்க, சற்றே பின்சாய்ந்த மேலலகுகளைக் கீழிருந்து ஊடுருவும் காற்றே சுழற்றுகின்றது. வானொலியால் ஆளும் மாதிரியொன்றைத் தாமே வரையப் புகும் மாணவர் முதலில் மனங்கொள்ள வேண்டியது இதுவே.

முன்னோக்கிப் பறக்கையில், காற்றை எதிர்த்து விரையும் அலகு மிகுதியாகவும், பின்வாங்கும் அலகு குறைவாகவும் தூக்கும். பொறி ஒருபுறம் கவிழும். ஸ்பானியப் பொறியியலாளர் ஹுவான் டி லா சியேர்வாவின் முதற் பொறிகள் இவ்வாறே கவிழ்ந்தன. அவர் செய்த சிறு மாதிரியோ செவ்வனே பறந்தது! அதன் அலகுத் தண்டுகள் பிரம்பாலானவை, வளைந்து கொடுத்தன. அதுகண்டு, அலகுகளை மேலுங் கீழும் அசையவிடும் கீல்களை அமைத்தார். 1923 ஜனவரியில் அவரது பொறி பறந்தது. பெரியதைச் சிறியது திருத்திய விந்தை இது.

ஆதலின் அலகுகளை விறைப்பாகப் பூட்டற்க. கீலோ, வளையும் மெல்லிய தகடோ வேண்டும். அலகுகள் நிறையில் ஒத்திருத்தல் அவசியம். சுழலித் தலையிற் கயிறு கட்டித் தூக்கினால், மாதிரியின் மூக்குச் சிறிது தாழ்ந்து தொங்கல் வேண்டும். தலையைச் சாய்த்தல், சுக்கானைத் திருப்பல், இயந்திர வேகத்தை மாற்றல் ஆகிய மூன்று ஆணைகளே எளிய அமைப்புக்குப் போதும். பறக்கவிடுமுன் காற்றெதிரே பிடித்து, அலகுகள் விரைந்து சுழலும்வரை பொறுத்திருக்க. விரைவு குன்றிய அலகுகளோடு எழும் மாதிரி பக்கவாட்டிற் புரளும்.