தியானமும் அதன் அடிநிலையும்

நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்திற் பணிபுரியும் இளைஞரொருவர் சின்னாட்களுக்குமுன் எம்மை அணுகி, "ஐயா, கைப்பேசியில் ஒருவர் சொல்லச் சொல்ல நாடோறும் கண்மூடித் தியானஞ் செய்கின்றேன், மனம் அமைதியடைகின்றது. இனிக் கோயிலும் பூசையும் எதற்கு?" என வினவினர். இவ்வினா அவர் ஒருவர்க்கே உரியதன்று. ஆதலின் ஈண்டு ஆராய்வாம்.

மேனாட்டார்க்குத் தியானத்தை விளக்கியவர் பெரும்பாலும் நம் நாட்டு ஆசிரியரே. 1893-இற் சிகாகோ சமயப் பேரவையிற் பேசிய விவேகாநந்த சுவாமிகள் 1896-இல் இராசயோக நூலை வெளியிட்டனர். 1920-இற் பரமஹம்ச யோகாநந்தரும், 1959-இல் மகரிஷி மகேஷ் யோகியும் அமெரிக்கா சென்றனர். 2024-இல் ஐக்கிய நாடுகள் அவை திசம்பர் 21-ஐ உலகத் தியான நாளென அறிவித்தது. இவை உவக்கத் தக்கனவே. ஆயின், இன்று பலவிடத்துந் தியானம் மனவிளைப்பாற்றும் மருந்தாகவே கொள்ளப்படுகின்றது. தியானிக்கப்படும் பொருள் யாது என்னும் ஆராய்ச்சி எழுவதில்லை.

சைவசித்தாந்தம் சரியை, கிரியை, யோகம், ஞானம் என நான்கு படிகளை வகுத்தது. தியானம் மூன்றாம் படியாகிய யோகத்தின் எட்டுறுப்புக்களுள் ஏழாவது. அவ்யோகத்திற்கும் முதலுறுப்பு, கொல்லாமை வாய்மை முதலியவற்றைக் கூறும் இயமமேயாம்.

அற்றேல், முற்பிறப்பிற் சரியை கிரியைகளை முடித்தார் நேரே யோகம் எய்துதல் உண்டன்றோ எனின், உண்டு. ஆயினும் அன்னாரும் வழிபாட்டை விடுதல் இல்லை. சிவஞானபோதத்துப் பன்னிரண்டாஞ் சூத்திரம், ஞானம் பெற்றாரும் அடியார் திருவேடத்தையும் திருக்கோயிலையும் சிவமாகவே கண்டு வழிபடுதலை விதித்தமை காண்க.

இவ்வுண்மைக்கு நம் காலத்துச் சான்றொன்றும் உளது. கலிபோர்னியாவில் 1927-இற் பிறந்த அன்பரொருவர் மெய்ப்பொருள் நாடி இலங்கை வந்து, 1949-இல் யாழ்ப்பாணத்து யோகர் சுவாமிகளைக் கண்டு, சுப்பிரமுனியர் என்னும் பெயரும் அருளும் பெற்று மீண்டனர். இவர் மேனாட்டார்க்குத் தியானம் பயிற்றியதோடு அமைந்திலர். 1957-இற் சான்பிரான்சிசுகோவிற் கோயில் அமைத்தனர். 1970-இல் அவாய்த் தீவுகளுள் ஒன்றாகிய கவாயில் ஆதீனம் நிறுவினர். 1973-இல் ஆங்கு நடராசப் பெருமானை எழுந்தருளுவித்து, இரவுபகலாக மூன்று மணிக்கொருமுறை பூசை நிகழ விதித்தனர். சைவத்தை ஏற்க வருவோர் முன்னைச் சமயத்தினின்றும் முறையே நீங்கிச் சைவப்பெயர் பூணுதல் வேண்டும் என்றனர். 2001-இல் அவர் மறைந்தனர். கையுளியாற் செதுக்கிய கற்களால் அவர் தொடங்கிய இறைவன் கோயிற்கு 2023-இற் குடமுழுக்கு நிகழ்ந்தது. தியானம் நாடி வந்தவரே கோயிலெடுத்தமை சிந்திக்கற்பாலது.

இனி இளைஞர் வினாவுக்கு வருவாம். "தம்பி, நிலக்கரியை எங்ஙனம் எடுக்கின்றீர்?" என வினவினேம். "மேல்மண்ணை அகற்றவேண்டும், ஐயா. கரிக்குக் கீழுள்ள ஊற்றுநீர் மேனோக்கி அழுத்தும், அதனை இரவுபகலாக இறைத்தல் வேண்டும்" என்றனர். "கரியைக் கண்டபின் இறைத்தலை நிறுத்துவீரோ?" என்றேம். "நிறுத்தினாற் சுரங்கம் நீராகிவிடும்" என்றவர், சிறிது மௌனமாயிருந்து நகைத்தனர்.

மேல்மண் பழவினை, அடிநீர் ஆணவம், இறைத்தல் நாள்வழிபாடு. மனவமைதி கரியின் முகத்தைக் கண்ட அளவேயன்றி அதனை எடுத்ததாகாது.

அவ்விளைஞர்க்கு இதனை முன்னரே உரையாதது யார் பிழை? திருக்கோயில் வாயிலில் வாழ்ந்தும் வாய்திறவா நம்மனோர் பிழையே. கடல்கடந்தோர் அரிதின் தேடிப் பெற்றதை நம் மக்கள் எளிதின் இழவாவண்ணம், ஆதீனங்களும் புலவரும் ஊர்தோறும் இந்நாற்படியையும் எளிய மொழியிற் போதித்தல் கடனாம்.

திருச்சிற்றம்பலம்.