பழைய துப்பாக்கியும் அதன் தோட்டாவும்

மைசூர் நகருக்கு வடக்கே சுமார் 50 கிலோ மீட்டர் தொலைவில், பாறைக் குன்றுகளின்மீது அமைந்தது மேல்கோட்டை. இராமாநுசர் தங்கியிருந்த தலமாதலின், தமிழ் மக்கள் இவ்வூரைத் திருநாராயணபுரம் என நெடுங்காலமாக அறிவர். ஊரைச் சூழ்ந்த புதர்க்காடு, ஓநாய்களைக் காக்கும் பொருட்டு 1974-ஆம் ஆண்டில் சரணாலயமாக்கப்பட்டது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1972-இல், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. வேட்டைக் காலம் முடிவுறத் தொடங்கியது.

வேட்டை ஒழிந்தாலும் வேட்டைக் கருவிகள் யாவும் உடனே ஒழிந்துவிடுவதில்லை. காட்டை அடுத்த இத்தகைய ஊர்களில் பழைய வீட்டைப் பிரிக்கும்போது, பரண்மீது துருவேறிய துப்பாக்கியும், தகரப் பெட்டியில் பச்சை பூத்த தோட்டாக்களும் அகப்படக் கூடும். அவற்றைப் பற்றி ஊரார் முதலில் வினவுவது வனக் காவலரிடமோ பள்ளி ஆசிரியரிடமோ ஆகும். இத்தோட்டா இன்னும் சுடுமா? இத்துப்பாக்கிக்குப் புதிய தோட்டா கிடைக்குமா? கிடைக்காவிடில் நாமே செய்துகொள்ளலாமா? இம்மூன்று வினாக்களுக்கும் விடை பௌதிகத்திலும் இரசாயனத்திலும் உள்ளது. தவறான விடையினால் கையோ கண்ணோ உயிரோ போகலாம். ஆகவே இவ்விடைகளை அறிந்திருத்தல் நன்று.

தோட்டாவின் உறுப்புகள்

ரைபிள் தோட்டாவில் நான்கு உறுப்புகள் உள்ளன: பித்தளைக் கூடு, அதன் அடியில் பதித்த கேப்பு, கூட்டினுள் அடைத்த மருந்து, வாயில் செருகிய குண்டு. சுத்தியல் ஊசி கேப்பைத் தாக்கினால் தீப்பொறி எழுந்து மருந்தைப் பற்றுகிறது. மருந்து வாயுவாக மாறி, .303 போன்ற இராணுவத் தோட்டாவில் ஒரு சதுர அங்குலத்திற்கு 40,000 பவுண்டுக்கு மேற்பட்ட அழுத்தத்தை உண்டாக்குகிறது. அக்கணத்தில் பித்தளைக் கூடு விரிந்து, துப்பாக்கியின் தோட்டா அறைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு, வாயு பின்னோக்கி வராதவாறு அடைக்கிறது. சுடுபவரின் முகத்திற்கும் அவ்வழுத்தத்திற்கும் இடையே நிற்பது மெல்லிய இப்பித்தளையும் அதைத் தாங்கும் எஃகும் மட்டுமே.

எண் ஒரு பெயரே

துப்பாக்கிமீது பொறித்த எண் அதன் குழலின் அளவைக் குறிப்பதாகப் பலர் எண்ணுவர். உண்மையில் அது பெரும்பாலும் ஒரு பெயர் மட்டுமே. .303 ரைபிளின் குண்டு ஏறத்தாழ .311 அங்குல விட்டமுடையது. மார்ட்டினி ஹென்றி ரைபிளின் தோட்டா .577/450 எனப்படும்; .577 ஸ்னைடர் தோட்டாவின் கூட்டை வாய்ப்புறத்தில் குறுக்கியது என்பதே இதன் பொருள். இந்திய வேட்டை ரைபிளான .315-ஐ 8 மில்லி மீட்டர் என்றும் கூறுவர். ஜெர்மானிய மௌசர் ரைபிளுக்கும் 8 மில்லி மீட்டர் என்றே பெயர். எனினும் ஒன்றின் தோட்டா அடியில் விளிம்புடையது, மற்றதன் தோட்டா விளிம்பற்றது. இரண்டும் வேறு வேறு.

காவலருக்காக .303 ரைபிளை மாற்றியமைத்த .410 மஸ்கட்டும் இத்தகையதே. அதன் தோட்டா, .303 கூட்டைக் கழுத்துக் குறுக்காமல் நேராக விட்டுச் செய்தது. வேட்டைத் துப்பாக்கிக்கென விற்கும் .410 தோட்டா அதன் அறையில் சரியாகப் பொருந்துவதில்லை.

உள்ளே செல்வது வேறு, பொருந்துவது வேறு. 12 போர் துப்பாக்கியில் தவறுதலாக இட்ட 20 போர் தோட்டா குழலுக்குள் நழுவி இடையில் தங்கிவிடும். அறை வெறுமையாக இருப்பதாக எண்ணி அதன் பின்னே 12 போர் தோட்டாவை இட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும்.

வழக்கொழிந்த வகைகள்

இந்தியாவில் சில தோட்டாக்கள் வழக்கொழிந்ததற்குச் சட்டமே காரணம். 1907-ஆம் ஆண்டையொட்டி, .450 அளவுள்ள வேட்டைத் தோட்டாக்களை இந்தியாவிற்குள் கொண்டுவருவதை அன்றைய அரசாங்கம் தடுத்தது. கிளர்ச்சியாளரிடமிருந்த மார்ட்டினி ஹென்றி ரைபிள்களுக்கு அவை உதவும் என்பதே அதன் அச்சம். அதனால் இங்கிலாந்துத் துப்பாக்கி வணிகர் .465, .470, .475 எனப் பல புதிய அளவுகளைப் பரப்பினர். நிறுவனங்கள் சில தமக்கெனத் தனி அளவை வைத்துக்கொண்டமையால், நிறுவனம் நின்றபோது அத்தகைய தோட்டாவும் நிற்க நேர்ந்தது.

வேறு சில, உற்பத்தி நின்றமையால் மறைந்தன. பெங்களூரில் வாழ்ந்து, மைசூர், சேலம் வட்டாரக் காடுகளைப் பற்றி நூல்கள் எழுதிய கென்னத் ஆண்டர்சன் (1910–1974) கையாண்டது .405 வின்செஸ்டர் ரைபிள். அத்தோட்டா 1904-இல் அமெரிக்காவில் அறிமுகமானது; அதற்குரிய ரைபிளின் உற்பத்தி 1930-களில் நின்றது. இத்தகைய துப்பாக்கியை உடையவருக்கு, கைவசமுள்ள தோட்டாக்கள் தீர்ந்த பின் துப்பாக்கி வெறும் இரும்பே.

இதற்கு மாறானதும் உண்டு. இந்திய .315 தோட்டா ஆஸ்திரியாவின் பழைய 8 மில்லி மீட்டர் மான்லிச்சர் தோட்டாவின் வழிவந்தது. தாயகத்தில் அது எப்பொழுதோ வழக்கொழிந்தது. இந்தியாவிலோ .303 இராணுவ அளவாகையால் பொதுமக்களுக்குத் தடுக்கப்பட, இஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலை .315 ரைபிளைச் செய்துவந்தது. .303-க்கும் ஓய்வு வந்தது. 2020-ஆம் ஆண்டுக் குடியரசு நாளன்று உத்தரப் பிரதேசப் போலீசார் அதற்கு விடை கொடுத்தனர்.

பித்தளைக்கு வரும் நோய்

பழைய தோட்டா பார்வைக்கு நன்றாக இருந்தால் சுடலாமா என்பது அடுத்த வினா. இதற்கு விடையளிக்கும் ஆராய்ச்சி இந்தியாவில் நேர்ந்த ஒரு துன்பத்திலிருந்தே பிறந்தது. பிரிட்டிஷ் படையினர் மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் சேமித்து வைப்பது வழக்கம். மழை நின்று எடுத்துப் பார்த்தபோது பல கூடுகள் தாமாகவே பிளந்திருந்தன. குறித்த பருவத்தில் தோன்றியமையால் இதனைப் பருவப் பிளவு என்றனர். நெடுங்காலம் காரணம் விளங்கவில்லை.

1921-ஆம் ஆண்டில் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்னும் மூவர் இதனை விளக்கினர். தோட்டாக் கூடு சுமார் 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் சேர்ந்த பித்தளையாலானது. குளிர்ந்த நிலையிலேயே அச்சில் இட்டு இழுத்து அதனை உருவாக்குவர். அப்பொழுது உலோகத்தினுள் இறுக்கம் தங்கிவிடுகிறது. குதிரைகளின் சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியா வாயு, ஈரத்தோடு சேர்ந்து, இறுக்கமுள்ள இடங்களில் பித்தளையின் மணிகளுக்கு இடையே அரித்துச் செல்கிறது. இறுக்கமும் அம்மோனியாவும் கூடியபோதுதான் பிளவு நேர்கிறது. கூட்டை மிதமாகக் காய்ச்சி இறுக்கத்தைத் தளர்த்துவதே பரிகாரம். பாத்திரம் தட்டும் கன்னார் இடையிடையே தகட்டை நெருப்பிலிட்டுப் பதப்படுத்துவதும் இதனோடு ஒப்பிடத்தக்கது.

கிராமத்து மாட்டுத் தொழுவமும் குதிரை லாயத்தைப் போன்றதே. தொழுவத்துப் பரண்மீது பல மழைக்காலங்களைக் கழித்த கூட்டில், கண்ணுக்குப் புலப்படாத மயிரிழைப் பிளவு இருக்கலாம். சுடும்போது அது திறந்தால், அடைக்கப்பட வேண்டிய வாயு சுடுபவரை நோக்கிப் பாயும்.

கேப்பும் மருந்தும்

பழைய கேப்புகள் பலவற்றில் பாதரச ஃபல்மினேட்டும் பொட்டாசியம் குளோரேட்டும் இருந்தன. சுட்டபின் வெளிப்படும் பாதரசம் பித்தளையை நொறுங்கச் செய்யும். ஆதலின் அக்கூட்டை மறுமுறை பயன்படுத்துதல் தகாது. குளோரேட்டோ பொட்டாசியம் குளோரைடு என்னும் உப்பாக மாறிக் குழலில் படிகிறது. அவ்வுப்பு காற்றின் ஈரத்தை ஈர்த்து எஃகைத் துருப்பிடிக்கச் செய்கிறது. உப்பு எண்ணெயில் கரையாது. ஆதலின் எண்ணெய் மட்டும் பூசி வைத்த குழல்களும் உள்ளே அரிக்கப்பட்டிருக்கும்.

மருந்தில் இருவகை உண்டு. மார்ட்டினி ஹென்றி காலத்தது கரிமருந்து. அதன்பின் வந்தது கார்டைட். நைட்ரோ கிளிசரினையும் வெடிபஞ்சையும் சிறிது வாசலினுடன் சேர்த்து, கயிறு போல் இழுத்துச் செய்வது. இதனைச் செய்வதற்கென்றே நீலகிரியிலுள்ள அருவங்காட்டில் 1903-இல் தொழிற்சாலை நிறுவப்பட்டது. கார்டைட் வெப்பத்தினால் மெல்லச் சிதைந்து அமில ஆவிகளை வெளியிடும். சூடேறிய கார்டைட் கூடுதலான அழுத்தத்தையும் தரும். வெப்ப நாடுகளுக்கென மருந்தைக் குறைத்து அடைத்த தோட்டாக்களை இங்கிலாந்துத் தொழிலாளர் தனியே செய்தது இதனாலேயே.

கையால் நிரப்பலாமா?

மேல்நாடுகளில் வழக்கொழிந்த துப்பாக்கிகளுக்குக் கையால் தோட்டா நிரப்புவோர் உண்டு. அவர்கள் துப்பாக்கியின் அறையை உருகிய உலோகக் கலவையால் வார்த்தெடுத்து அளப்பர். வேறொரு புதிய கூட்டைக் கடைந்து அதற்கேற்ப அமைப்பர். அழுத்தமானியால் சோதித்து வெளியிட்ட அட்டவணைகளைப் பின்பற்றுவர். துப்பாக்கியின் எஃகையும் முன்னரே சோதிப்பிப்பர்.

இவற்றுள் ஒன்று குறைந்தாலும் கேடு நேரும். கரிமருந்தும் புகையற்ற மருந்தும் ஒரே கொள்ளளவில் ஒரே ஆற்றல் உடையனவல்ல. கரிமருந்துக் கூட்டை நவீன மருந்தால் நிரப்பினால் பழைய துப்பாக்கி தாங்கவியலாத அழுத்தம் எழும். .450/400 என்னும் ஒரே பெயரில் கரிமருந்து ரைபிளும் நைட்ரோ ரைபிளும் இருந்தன. கூடு ஒன்றாயினும் எஃகின் வலிமை வேறு. பெயரை மட்டும் கண்டு முடிவு செய்பவர் இங்கே தவறுவர்.

இந்தியாவில் இதற்குச் சட்டத் தடையும் உண்டு. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவின்படி, லைசென்ஸ் இன்றித் தோட்டா செய்தல் கூடாது. வழக்கொழிந்த வகைக்கு 45-ஆம் பிரிவு தரும் விலக்கு, பழுது பார்த்தாலும் சுடவியலாத துப்பாக்கிக்கே உரியது. பழையது என்பதனாலேயே ஒரு துப்பாக்கி சட்டத்திற்குப் புறம்பாகிவிடாது.

களப் பணியாளர் செய்யத்தக்கவை

1. கண்டெடுத்த துப்பாக்கியில் தோட்டா இருப்பதாகவே கொள்க. குழலை ஆட்கள் உள்ள திசையில் திருப்பாதிருக்க, விசையைத் தொடாதிருக்க.

2. தோட்டாவைத் தட்டுதல், துலக்குதல், பிரித்தல், வெயிலில் காய வைத்தல், அறையில் இட்டுப் பார்த்தல் ஆகியவை கூடா.

3. தோட்டாவின் அடியில் பொறித்த எழுத்துகளைத் தொடாமலே காண முடிந்தால் குறித்துக்கொள்க. .303 தோட்டாவில் கே, எஃப் என்னும் ஆங்கில எழுத்துகள் கிர்க்கி தொழிற்சாலையைக் குறிக்கும். உடனுள்ள எண் ஆண்டைக் காட்டும்.

4. சிறுவரை விலக்கி, இடத்தைக் காவலில் வைத்து, போலீஸ் நிலையத்திற்கு அறிவிக்க. சரணாலய எல்லைக்குள் அகப்பட்ட வெறுங்கூடும் கள்ள வேட்டைக்குச் சான்றாகலாம், அதனைத் துடைக்காதிருக்க.

வகுப்பறைக்கு

தோட்டா எதனையும் வகுப்பிற்குக் கொண்டுவருதல் கூடாது. பாடத்திற்கு அது தேவையுமில்லை. மூடிய சீசாவில் சிறிது அம்மோனியா நீரில் செம்புக் கம்பியை இட்டு, காற்றோட்டமான இடத்தில் வைத்தால், நீர் மெல்ல நீலமாவதை மாணவர் காண்பர். ஒரு கிண்ணத்தில் எண்ணெயிலும் மற்றொன்றில் நீரிலும் உப்பை இட்டால், எது கரைகிறது என்பதையும் காண்பர். இவ்விரண்டையும் கண்ட மாணவன், பரண்மீதுள்ள பெட்டியில் ஆண்டுதோறும் நிகழ்வதைத் தானே ஊகித்தறிவான். அவ்வாறு அறிந்தவன் அப்பெட்டியைத் திறந்து விளையாட மாட்டான். பெரியோரிடம் சென்று சொல்வான்.