தொண்டையில் எலும்பா, வெறிநோயா?

களத்து நெல்லையும் தெருவில் விரித்த பாவு நூலையும் காத்துக் கிடக்கும் நாய், நம் குடும்பத்தில் ஒன்றாகவே வாழ்கிறது. அதனிடம் திடீரெனத் தோன்றும் நோய்க்குறிகளுள் நாம் அவசியம் அறிந்திருக்க வேண்டியது வெறிநோயின் குறியாகும்.

வெறிநாய் என்றதும், கண்டவரைக் கடித்தோடும் மூர்க்க நாயே நம் மனக்கண்முன் நிற்கிறது. ஊமை வெறி என்ற மற்றொரு வகையும் உண்டு. இதில் நாய் யாரையும் துரத்தாது. இருண்ட மூலையில் ஒடுங்கிக் கிடக்கும். குரல் மாறும்; கீழ்த்தாடை தொங்கும்; எச்சில் ஒழுகும்; நீரையும் விழுங்க இயலாது தவிக்கும். காண்போர், எலும்பு சிக்கிற்றென இரங்கி அதன் வாய்க்குள் கையை விடுகின்றனர். பெருந்தீங்கு இங்கேதான் நேர்கிறது. நோய்க்கிருமி எச்சிலில் இருக்கிறது. அது நுழைய விரலில் ஒரு கீறல் போதும். நூல் அறுத்த விரலும் அரிவாள் பட்ட கையும் நம்மிடையே அரிதா?

ஆகவே, இக்குறிகளைக் கண்டால் நாயைத் தொடலாகாது. கூடுமாயின், அணுகாமலே கதவைச் சாத்தி அடைத்து, குழந்தைகளையும் கால்நடைகளையும் விலக்கி, கால்நடை மருத்துவருக்குச் சொல்லியனுப்ப வேண்டும். அடித்துத் துரத்தினால், அடுத்த தெருவுக்கு நோயை அனுப்பியவராவோம்.

கடி பட்டாலும், கீறலில் எச்சில் பட்டாலும், உடனே ஓடும் நீரில் சோப்பிட்டு 15 நிமிஷம் கழுவுக. சுண்ணாம்பும் மிளகாய்த்தூளும் வேண்டா. அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்லுக. நாயை 10 நாள் கவனிப்பது முறையே. ஆயினும் அதுவரை ஊசியை ஒத்திப்போடுதல் தகாது. மனிதரிடம் நோய்க்குறி தோன்றியபின் பிழைப்பது மிக மிக அரிது.

லூயி பாஸ்டர் 1885-இல் பாரிஸில் ஒரு சிறுவனுக்கு இட்ட ஊசியே இச்சிகிச்சையின் தொடக்கம். 1907-இல் நம் குன்னூரிலும் அவர் பெயரால் ஒரு நிலையம் எழுந்தது. தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்பது பழங்கதை; இன்று கையில் சில ஊசிகளே இடுகின்றனர். ஆழ்ந்த காயமாயின், காயத்தைச் சுற்றியும் ஒரு மருந்து செலுத்துவர்.

எல்லாவற்றினும் எளிது, வருமுன் காத்தல். குட்டிக்கு மூன்றாம் மாதத்திலும், பின் மருத்துவர் கூறும் தவணைப்படியும் தடுப்பூசி போடுவிக்க வேண்டும். ஒரு வீட்டு நாய்க்கு மட்டும் ஊசி போட்டால் ஊர் காப்பாற்றப்படாது. அங்கத்தினர் அனைவரும் ஒரு நாள் குறித்து, தெருநாய்களையும் சேர்த்து ஊசி போடுவிக்க முன்வருவோமாயின், அதுவும் கூட்டுறவே.